மை டப்பாவும் 55 பைட்டும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏல, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான, இதுக்கு ஒரு பதில் சொல்லு. பிள்ளைக்கு ஸ்கூல் புராஜெக்ட்டுக்குன்னு பிரிண்டர் வாங்கினேன், மூவாயிரத்து ஐநூறு. மை தீந்து போச்சு. கருப்பு டப்பாவும் கலர் டப்பாவும் சேத்து வாங்கப் போனா ரெண்டாயிரத்து எண்ணூறு கேக்கான். புதுசா வாங்கும்போது அந்த ரெண்டு டப்பாவும் உள்ளதான இருந்துச்சு? அப்ப பிரிண்டரு வெறும் எழுநூறு ரூவாயா? எழுநூறு ரூவாய்க்கு மோட்டாரு, பெல்ட்டு, ஸ்கேனரு எல்லாம் எவன் தருவான்?"

பக்கத்துல உட்கார்ந்திருந்த அப்பா சிரிச்சார். அவர் இருபது வருஷமா அந்த எழுநூறுக்கும் ரெண்டாயிரத்து எண்ணூறுக்கும் நடுவுலதான் கடை வச்சிருக்கார்.

விவரம் தெரியாதவங்களுக்கு: அப்பாவுக்கு பாளையங்கோட்டையில் கார்ட்ரிட்ஜ் ரீஃபில் கடை. பத்துக்குப் பத்து அறை. மேசை மேல நாலு கலர்ல மை பாட்டில், சிரிஞ்சு, பஞ்சு, விரிச்சுப் போட பழைய தினத்தந்தி. இன்னொரு மூலையில் லேசர் கார்ட்ரிட்ஜுக்கான டோனர் பவுடர், டிரம், பிளேடு. '12ஏ'ன்னு ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கு. ஜெராக்ஸ் கடையிலோ வக்கீல் ஆபீஸிலோ வேலை பார்த்தவங்க யாரை வேணா கேளுங்க, 12ஏ தெரியாதுன்னு சொல்ல மாட்டாங்க. என்னோட எட்டு செமஸ்டர் ஃபீஸும் பெரும்பாலும் 12ஏ கட்டினதுதான். அந்த 12ஏ-க்குள்ள சிப் கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

சித்தப்பாவுக்கு நான் காலேஜ்ல கேட்ட பதிலை எடுத்து விட்டேன். "இது ரேசர் பிளேடு கதை சித்தப்பா. ரேசரை சும்மா மாதிரி கொடுத்துட்டு பிளேடுல சம்பாதிக்கிறது. ஜில்லெட்னு ஒருத்தர் நூறு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்ச வியாபாரம்."

அவர் ஒரு நிமிஷம் யோசிச்சார். "நான் எந்தக் கம்பெனி பிளேடையும் எந்த ரேசர்லயும் மாட்டுதேனே? அப்ப அவன் எப்படி சம்பாதிச்சான்?"

மடக்கிட்டார். எனக்குப் பதில் தெரியலை. பெங்களூரு திரும்பினதும் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டு மூணு வார இறுதி இதுலயே போச்சு.

முதல் அதிர்ச்சி, நான் சொன்ன ஜில்லெட் கதையே தப்பு. கிங் கேம்ப் ஜில்லெட் ரேசர் விற்க ஆரம்பிச்சது 1903. அந்த வருஷம் மொத்தம் போனது 51 ரேசரும் 168 பிளேடும்தான். 1904-ல் காப்புரிமை கிடைச்சது. ரேசரோட விலை என்ன தெரியுமா? 5 டாலர். அன்னிக்கு அமெரிக்கத் தொழிலாளிக்கு அது லேசான காசு இல்லை. போட்டிக் கம்பெனிகள் ஒரு டாலருக்கு ரேசர் செட் வித்துக்கிட்டு இருந்த காலத்துலயும் ஜில்லெட் அஞ்சு டாலர்ல இருந்து இறங்கலை. சும்மா கொடுக்கிறதாவது! சிகாகோ பல்கலைக்கழக சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-ல் பழைய விலைப்பட்டியலை எல்லாம் தோண்டி எடுத்து இதை ஒரு கட்டுரையா எழுதினார். காப்புரிமை காலாவதியானது 1921. அதுக்கப்புறம்தான் ஜில்லெட் தன் பழைய மாடல் ரேசரை மலிவா விட்டது. அதாவது, தன்னோட பிளேடை வேற யாரும் செய்ய முடியாதுன்னு இருந்த காலத்துல ரேசர் விலை அதிகம். யார் வேணா பிளேடு போடலாம்னு ஆன பிறகு ரேசர் மலிவு. நாம பேசுற 'ரேசர் பிளேடு தத்துவத்துக்கு' நேர் தலைகீழ்!

அப்ப சித்தப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. சாமானை மலிவா கொடுக்கிறது பெரிசில்லை. அதுக்குள்ள போடற பொருளை வேற எவனும் விற்க முடியாதபடி எப்படித் தடுக்கிறது? பூட்டு எங்க இருக்கு? அந்தப் பூட்டைத் தேடிப் போனா, ஆச்சரியமா, முதல் பெரிய வழக்கே ஒரு டப்பா மையைப் பத்தினதுதான். வருஷம் 1912.

சைக்ளோஸ்டைல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம தலைமுறை பார்த்திருக்காது. அப்பா, தாத்தாகிட்ட கேட்டா சொல்வாங்க. மெழுகு தடவின ஸ்டென்சில் தாள்ல டைப் அடிச்சு, உருளையில் சுத்தி, மை போட்டு, கையால சுத்தினா நோட்டீஸ் ஒவ்வொண்ணா வந்து விழும். யூனியன் நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், சில சிறுபத்திரிகை கூட அப்படித்தான் வந்துச்சு. சைக்ளோஸ்டைல்ங்கிறது லண்டன்ல இருந்த கெஸ்டெட்னர் வச்ச பேர். அமெரிக்காவுல இதே மாதிரி மெஷினுக்கு மிமியோகிராஃப்னு பேர். எடிசனோட காப்புரிமையை வாங்கி, 1887-ல் அதை விற்க ஆரம்பிச்சவர் சிகாகோவைச் சேர்ந்த ஆல்பர்ட் பிளேக் டிக்.

ஏ.பி.டிக் கம்பெனி மெஷினை அடக்க விலைக்கோ, அதுக்கும் கீழயோ வித்துச்சு. லாபம் எல்லாம் ஸ்டென்சில் தாள்லயும் மையிலயும். பூட்டு என்ன? மெஷின் மேல ஒரு அறிவிப்பு. இந்த மெஷினை எங்க கம்பெனி தாள், எங்க கம்பெனி மை போட்டு மட்டும்தான் ஓட்டலாம், அந்த நிபந்தனையோடதான் விற்கிறோம்னு. அவ்வளவுதான், வெறும் எழுத்து! நியூயார்க்கில் ஸ்கூன்னு ஒரு பெண்மணி இந்த மெஷினை வாங்கியிருந்தாங்க. ஹென்றின்னு ஒருத்தர் அந்த நிபந்தனை தெரிஞ்சே அவங்களுக்கு ஒரு டப்பா மை வித்தார். கவனிங்க, அந்த மைக்குக் காப்புரிமை எதுவும் கிடையாது. யார் வேணா காய்ச்சலாம். ஆனாலும் கம்பெனி கேஸ் போட்டுச்சு. கேஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1912 மார்ச்ல 4-க்கு 3 என்ற கணக்கில் கம்பெனி ஜெயிச்சுது. மை வித்தவர், மெஷினோட காப்புரிமையை மீறத் துணை போனார்னு தீர்ப்பு.

தோத்த மூணு பேர்ல ஒருத்தர் தலைமை நீதிபதி வைட். அவர் எழுதின எதிர்ப்புத் தீர்ப்புல சில உதாரணங்கள் சொல்றார். இப்படியே விட்டா, இன்ஜின் விற்கிறவன் என் நிலக்கரியைத்தான் போடணும்பான், சமையல் பாத்திரம் விற்கிறவன் நான் விற்கிற உணவுப் பொருளைத்தான் இதுல சமைக்கணும்பான்னு. இட்லிக் கொப்பரை வாங்கினா அவன்கிட்டயேதான் அரிசியும் உளுந்தும் வாங்கணும்ங்கிற மாதிரி. படிக்கும்போது கொஞ்சம் மிகையா சொல்றாரோன்னு தோணுச்சு. அப்புறம் ஞாபகம் வந்தது, 2014-ல் கியூரிக்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, தன் காப்பிப் பொடி டப்பா இல்லாட்டி காப்பி போட மாட்டேன்னு சொல்ற மெஷின் ஒண்ணை விட்டுச்சு. மூடி மேல இருக்கிற மையை மெஷின் படிச்சுப் பார்க்கும். ஜனங்க என்ன பண்ணினாங்க? ஒரு ஒரிஜினல் மூடியைக் கிழிச்சு, அதை செல்லோடேப் போட்டு மெஷினுக்குள்ளயே ஒட்டி வச்சுட்டாங்க :-) அடுத்த வருஷமே கம்பெனி இறங்கி வந்தது.

1912-க்கே திரும்ப வருவோம். அந்தத் தீர்ப்பு ரொம்ப நாள் நிக்கலை. 1914-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த மாதிரி கட்டாயத்துக்கு எதிரா கிளேட்டன் சட்டத்துல ஒரு பிரிவு போட்டுச்சு. 1917-ல் சினிமா புரொஜெக்டர் கேஸ் வந்தது. எடிசனும் இன்னும் சில கம்பெனிகளும் சேர்ந்து நடத்தின ஒரு கூட்டணி, புரொஜெக்டர் மேல தகடு அடிச்சு, எங்க படச்சுருளைத்தான் ஓட்டணும்னு சொல்லுச்சு. இந்தத் தடவை நீதிமன்றம், அதெல்லாம் முடியாது, மெஷினை வித்தாச்சுன்னா வித்ததுதான்னு சொல்லி 1912 தீர்ப்பைத் தூக்கிப் போட்டுச்சு. (நம்ம ஊர்லயும், 1970 காப்புரிமைச் சட்டத்தோட 140-ஆவது பிரிவு இப்படிப்பட்ட நிபந்தனைகள் செல்லாதுன்னுதான் சொல்லுது.)

ஆக, எழுதி ஒட்டுற பூட்டு போச்சு. அடுத்து வந்தவங்க மெஷினை விற்கவே இல்லை, வாடகைக்கு விட்டாங்க. ஐபிஎம்.

1930-களில் ஐபிஎம் கணக்குப் போடுற மெஷின்களை வாடகைக்குத்தான் விட்டுச்சு. எங்க துளை அட்டைகளைத்தான் போடணும், வேற அட்டை போட்டா குத்தகை ரத்துன்னு நிபந்தனை. அரசாங்கம் கேஸ் போட்டுச்சு. ஐபிஎம் சொன்ன வாதம் என்னன்னா, அட்டை கொஞ்சம் தடிமன் மாறினாலும் கணக்கு தப்பும், கெட்ட பேர் எங்களுக்குத்தான். (இதை வாசிச்சதும் சத்தமா சிரிச்சுட்டேன். 'ஒரிஜினல் போடாட்டி பிரிண்டர் கெட்டுப் போகும் சார்'னு கடையில் சொல்வாங்களே, அதேதான்!) ஆனா ஐபிஎம்மே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் சொந்த அட்டை போட்டுக்க அனுமதி கொடுத்திருந்தது. அந்த வாடிக்கையாளர் அமெரிக்க அரசாங்கம். அரசாங்க அட்டைகள் அந்த மெஷின்கள்ல நல்லாவே ஓடிக்கிட்டு இருந்தன. அதுக்கு ஐபிஎம் வாங்கின ஈடு, வாடகையில் 15 சதவீதம் கூடுதல். அட்டை தரம்தான் பிரச்சினைன்னா கூடுதல் வாடகை எதுக்கு? 1936-ல் உச்ச நீதிமன்றம் ஐபிஎம்முக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு.

இந்த 15 சதவீதம்தான் எனக்கு விஷயத்தைப் புரிய வச்சது. அட்டையோ, ஸ்டென்சிலோ, மையோ, அது ஒரு பொருள் மட்டும் இல்லை, மீட்டர். யார் மெஷினை அதிகமா ஓட்டுறாங்களோ அவங்க அதிகமா கட்டணும். எல்லார்கிட்டயும் ஒரே விலைக்கு மெஷினை வித்தா, கொஞ்சமா பிரிண்ட் எடுக்கிறவன் வாங்க மாட்டான், நிறைய எடுக்கிறவன் மலிவா தப்பிச்சுடுவான். மையில் காசு வச்சா ரெண்டு பேரையும் பிடிச்சுடலாம். ஆட்டோ மீட்டர் மாதிரிதான். நேர்மையா சொல்லணும்னா, வருஷத்துக்கு பத்து பக்கம் எடுக்கிறவருக்கு இது லாபமான ஏற்பாடுதான், யாரோ நிறைய எடுக்கிறவர் அவரோட பிரிண்டருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். சித்தப்பா மாதிரி புராஜெக்ட் சீசன்ல நூறு பக்கம் எடுக்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

இனி நம்ம மை டப்பா. 1984-ல் ஹெச்பி திங்க்ஜெட்டை விட்டுச்சு, விலை 495 டாலர். சூடு பண்ணி மையைக் குமிழியா தெறிக்க வைக்கிற தொழில்நுட்பம். இதே சமயத்துல ஜப்பான்ல கேனன் தனியா இதையே கண்டுபிடிச்சிருந்தது (சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலா மை சிரிஞ்சு மேல பட்டு மை பீய்ச்சி அடிச்சதைப் பார்த்து வந்த யோசனைன்னு சொல்வாங்க). இதுல ஒரு சிக்கல். மை தெறிக்கிற அந்தத் தலைப்பகுதி சீக்கிரம் அடைச்சுக்கும், தேஞ்சு போகும். அதுக்கு ஹெச்பி கண்டுபிடிச்ச வழி, தலையையே மை டப்பாவோட சேர்த்துட்டது. டப்பாவை மாத்தினா தலையும் புதுசு. நல்ல இன்ஜினியரிங், சந்தேகமே இல்லை. அந்த டப்பாவில் முடியை விட மெல்லிய துளைகள் போட்ட சிலிக்கான் துண்டு இருக்கு. விலை கூட இருக்க ஒரு நியாயம் உண்டு.

ஆனா எப்சன் மாதிரி கம்பெனிகள் தலையைப் பிரிண்டர்லயே வச்சாங்க. அவங்க டப்பா வெறும் மை, பிளாஸ்டிக், பஞ்சு. அப்படின்னா பாதி விலையாவது குறைஞ்சிருக்கணுமே? குறையலை. அப்பா இதை என் பத்தாம் வகுப்புலயே சொல்லிட்டார். "தலை இருக்குத டப்பாவும் அதே வெலை, இல்லாத டப்பாவும் அதே வெலை. அப்ப வெலை தலைக்கு இல்ல பாத்துக்கோ."

சரி, இத்தனை கம்பெனி போட்டி போடுறாங்களே, ஒருத்தராவது 'எங்க மை மலிவு'ன்னு விளம்பரம் பண்ணி ஆளை இழுக்கலாமே? 2006-ல் சேவியர் கபே, டேவிட் லைப்சன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இதுக்கு ஒரு பதில் சொன்னாங்க, பிரிண்டர் மையையே உதாரணமா வச்சு. ஒரு கம்பெனி 'மத்தவன் மையில் உங்களைக் கொள்ளையடிக்கிறான்'னு ஜனங்களுக்குப் புரிய வச்சா என்ன ஆகும்? விவரம் புரிஞ்ச ஆள் இவனோட விலை கூடின பிரிண்டரை வாங்க வர மாட்டான். அந்த மலிவு பிரிண்டரையே வாங்கிட்டு, மையை மட்டும் அப்பா கடையில் ரொப்பிக்குவான்! ஆக, உண்மையைச் சொல்றவனுக்குத்தான் நஷ்டம். அதனால யாரும் வாயைத் திறக்கிறதில்லை.

ஆனா விவரம் புரிஞ்சவன் அப்பா கடைக்கு வர முடியணும் இல்லையா? அங்கதான் அடுத்த பூட்டு.

1991-ல் ஐபிஎம் தன் டைப்ரைட்டர், பிரிண்டர் பிரிவைத் தனியா வித்துச்சு. அதுதான் லெக்ஸ்மார்க். அட்டைக் கேஸ்ல தோத்தவரோட பேரப்பிள்ளைன்னு வச்சுக்கோங்களேன். லெக்ஸ்மார்க் டோனர் கார்ட்ரிட்ஜை ரெண்டு விலையில் வித்துச்சு. ஒண்ணு முழு விலை. இன்னொண்ணு சுமார் 20 சதவீதம் தள்ளுபடி, ஆனா காலியானதும் எங்களுக்கே திருப்பித் தரணும், ரீஃபில் பண்ணக் கூடாது. டப்பா மேல அச்சடிச்ச நிபந்தனை. 1912 அறிவிப்பே திரும்பி வந்தாச்சு! இந்தத் தடவை கூடவே ஒரு சிப். ரீஃபில் பண்ணின கார்ட்ரிட்ஜைப் போட்டா பிரிண்டர் கண்டுபிடிச்சு வேலை செய்ய மறுத்துடும்.

வட கரோலினாவுல ஸ்டாட்டிக் கன்ட்ரோல்னு ஒரு கம்பெனி, ரீஃபில் பண்றவங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிறவங்க, அந்த சிப்புக்கு ஒரு நகல் சிப் செஞ்சாங்க. 2002 டிசம்பர்ல லெக்ஸ்மார்க் கேஸ் போட்டுச்சு. காப்புரிமை மீறல்னு இல்லை, எங்க மென்பொருளைத் திருடிட்டாங்கன்னு. சிப்புக்குள்ள டோனர் அளவைக் கணக்குப் போடுற ஒரு புரோகிராம் இருந்ததாம். அதோட அளவு? ஒரு மாடலுக்கு 37 பைட், இன்னொரு மாடலுக்கு 55 பைட். கிலோபைட் இல்லை மக்களே, வெறும் பைட்! அந்த வழக்கோட தலைப்பை டைப் அடிச்சாலே இதை விட அதிக இடம் பிடிக்கும்னு தீர்ப்புலயே எழுதியிருக்காங்க. நான் சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்துல 62 எழுத்து வருது :-)

இது புரோகிராம்ங்கிறது சும்மா சாக்கு. பிரிண்டர் அந்த 55 பைட்டையும் படிச்சு சரிபார்க்கும், ஒரு பைட் மாறினாலும் ஒத்துக்காது. அதனால நகல் எடுக்கிறவன் அச்சு அசலா அதையே போட்டாகணும். போட்டா திருட்டு. கீழ்க் கோர்ட்டில் 2003-ல் லெக்ஸ்மார்க்குக்கு சாதகமா தடை உத்தரவு கிடைச்சது. 2004 அக்டோபர்ல மேல் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. அந்த பைட்டுகள் இங்க ஒரு சாவியா வேலை செய்யுது, சாவிக்குப் பதிப்புரிமை கொண்டாட முடியாதுன்னு. அதே வருஷம், கார் ஷெட் கதவுக்கு மாற்று ரிமோட் செஞ்ச ஸ்கைலிங்க் கம்பெனியும் இதே மாதிரி கேஸ்ல ஜெயிச்சுது. 2017-ல் அந்தத் தள்ளுபடிக் கார்ட்ரிட்ஜ் நிபந்தனையும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வித்த பிறகு காப்புரிமையை வச்சு மிரட்ட முடியாதுன்னு முடிஞ்சுது. 1917-ல் சொன்னதையே நூறு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை சொல்லியிருக்காங்க.

இதுக்கு நடுவுல ஒரு தமாஷ். சீனாவுல கார்ட்ரிட்ஜ் சிப் செய்யற ஏபெக்ஸ்னு ஒரு கம்பெனி (பின்னால நைன்ஸ்டார்னு பேர் மாத்திக்கிட்டாங்க) 2015-ல் ஸ்டாட்டிக் கன்ட்ரோலை வாங்கிடுச்சு. 2016-ல் கூட்டாளிகளோட சேர்ந்து லெக்ஸ்மார்க்கையும் வாங்கிடுச்சு! பத்து வருஷத்துக்கு மேல கோர்ட் படியேறின ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனாங்க. லெக்ஸ்மார்க் 2025-ல் அங்கிருந்து ஜெராக்ஸ் கைக்கு மாறியாச்சு.

கோர்ட்ல ஜெயிச்சா கடையில் ஜெயிச்ச மாதிரி இல்லைங்கிறதையும் சொல்லணும். நகல் சிப் செய்யக் கூடாதுன்னு சட்டம் சொல்லலை, சரி. ஆனா பிரிண்டர் கம்பெனி சிப்பை மாத்திக்கிட்டே இருக்கலாமே? 2016 செப்டம்பர் 13-ஆம் தேதி உலகம் பூரா ஹெச்பியோட சில மாடல் பிரிண்டர்கள் வெளிக் கார்ட்ரிட்ஜை ஏத்துக்காம நின்னு போச்சு. ஏற்கெனவே உள்ள போயிருந்த கோடு, தேதி வந்ததும் முழிச்சுக்கிச்சு. கூச்சல் வந்ததும் ஹெச்பி அதை நீக்க ஒரு மாற்று அப்டேட் கொடுத்தது. 2018-ல் தப்பை ஒத்துக்காமலே 15 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடிச்சுக்கிட்டாங்க. அப்பா கடையில் அதுக்கப்புறம் ஒரு போர்டு தொங்குது. 'பிரிண்டரை வைஃபையில் போடாதீர்கள், அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று அழுத்தவும்.' ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரோட அப்பா கடையில் இப்படி ஒரு போர்டு!

இன்னொரு கூத்து 2022-ல். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. கேனனுக்கே தன் ஆபீஸ் மெஷின் டோனருக்குப் போட சிப் கிடைக்கலை. வேற வழியில்லாம சிப் இல்லாத ஒரிஜினல் டோனரை அனுப்பிச்சு, மெஷின் எச்சரிக்கை காட்டும், அதை எப்படித் தாண்டிப் போறதுன்னு ஜெர்மனியில் வாடிக்கையாளர்களுக்கு அவங்களே சொல்லிக் கொடுத்தாங்க. அச்சுத் தரம் பாதிக்காதுன்னும் சொன்னாங்க. அப்ப சிப் எதுக்கு சாமி? 12ஏ-யில் சிப் இல்லைன்னு முதல்லயே சொன்னேனே, இதுக்குத்தான். சிப் இல்லாமலே அது எங்க ஊர் ஆபீஸ்களை இத்தனை வருஷம் ஓட்டியிருக்கு.

இவ்வளவு பேசிட்டு இதையும் சொல்லாட்டி எனக்கே தூக்கம் வராது. நாலு வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த கம்பெனியில் (பேர் வேண்டாம்) எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, கையில் பிடிச்சு ஸ்கேன் பண்ற ஒரு கருவிக்கு 'பேட்டரி ஒரிஜினலா'ன்னு சோதிக்கிற கோடு. கருவி ஒரு எண்ணை அனுப்பும், பேட்டரியில் இருக்கிற சிப் ஒரு ரகசியச் சாவியை வச்சுக் கணக்குப் போட்டு பதில் சொல்லும். பதில் தப்புன்னா சார்ஜ் ஏறாது. மட்டமான லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்ங்கிறது உண்மை, அதனால சோதிக்கிறது எனக்கு நியாயமாத்தான் பட்டுது. எச்சரிக்கை மட்டும் காட்டுறதா, அடியோட மறுக்கிறதான்னு ரெண்டு வழி வச்சு எழுதினேன். எச்சரிக்கை போதுமேன்னு மீட்டிங்ல கேட்டேன். "அது பிசினஸ் டீம் முடிவு"ன்னுட்டாங்க. அடியோட மறுக்கிற வழியில் வச்சுத்தான் வெளியே போச்சு. மாற்று பேட்டரி விலை வெளியில் நாலுல ஒரு பங்கு. அந்தக் கோடு கடைசியா பார்த்தப்போ அப்படியேதான் இருந்தது. எழுதினவர் பேர் இருக்கிற இடத்தில் என் பேரும் இருந்தது.

கடைசியா, பூட்டு திறந்த கதை ஒண்ணு. அதுல கோர்ட்டும் இல்லை, சட்டமும் இல்லை. இந்தோனேசியாவுல ரீஃபில் பண்றவங்க சிரிஞ்சை விட்டு ஒரு படி மேல போயிட்டாங்க. கார்ட்ரிட்ஜ்ல துளை போட்டு, குழாய் மாட்டி, பிரிண்டருக்கு வெளியே பெரிய மை டேங்க்கையே தொங்க விட்டாங்க. (நம்ம ஊர்லயும் இது நடந்தது. அப்பாவே நூத்துக்கணக்கில் மாட்டியிருப்பார், ஆஸ்பத்திரி டிரிப்ஸ் மாதிரி தெரியும்.) மலிவு பிரிண்டர் விற்குது, மை விற்கலைன்னு பார்த்த எப்சன், 2010-ல் அதே இந்தோனேசியாவில் தானே டேங்க் வச்ச பிரிண்டரை விட்டுச்சு. பிரிண்டர் விலை கூட, மை பாட்டில் விலை சல்லிசு. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்காவுக்குப் போனது 2015-ல்தான். அதே மை, அதே கம்பெனி. பூட்டு நிக்காத ஊர்ல மை மலிவாச்சு, நின்ன ஊர் அஞ்சு வருஷம் காத்திருந்தது. மை அவ்வளவு விலை வச்சே ஆகணும்னு இருந்திருந்தா இது எப்படி முடிஞ்சது?

ஆனா டேங்க் பிரிண்டர் வந்ததும் அப்பாவோட இங்க்ஜெட் வியாபாரம் படுத்துடுச்சு. பாட்டிலைத் திறந்து ஊத்துறதுக்கு யாரும் ரீஃபில் கடைக்கு வர வேண்டாமே. மேசை மேல இப்ப கலர் பாட்டில் குறைவு, லேசர் டோனரும் பிரிண்டர் சர்வீஸும்தான் ஓடுது. ஜெயிச்சது இவர் மாதிரி ஆளுங்கதான், போனதும் இவங்க பொழப்புதான். வருத்தமான்னு கேட்டேன். "எதுக்கு? ஜனங்களுக்கு மை மலிவா கெடைக்குல்லா"ன்னுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

பொங்கலுக்குப் போனப்போ படிச்சதை எல்லாம் ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். சித்தப்பா பொறுமையா கேட்டார், 1912 மை டப்பா அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவரோட காலி டப்பா ரெண்டையும் அப்பா ஏற்கெனவே ரொப்பிக் கொடுத்திருந்தார். என் பேட்டரி கோடு விஷயத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். அப்பா கையில் இருந்த 12ஏ-யைக் குலுக்கிக்கிட்டே கேட்டார்.

"எய்யா, அந்த பேட்டரிக்குள்ள இருக்குத சிப்பு, தனியா கெடைக்குமா?"

"தெரியலப்பா."

"கெடைக்கும்லா. விசாரிச்சு சொல்லு."